துடுப்பாட்டத்தில் தலையாயவர் யார்?
மூவகை அளவையால் ஓர் ஆராய்ச்சி

பாமன்கடைச் சந்திக்கு அணித்தான ஒழுங்கையொன்றில் மாலைப்பொழுதிற் சிறுவர் சிலர் மென்பந்து கொண்டு கிறிக்கெற் ஆடிக்கொண்டிருந்தனர். மதிலிற் கரிக்கட்டியாற் கீறிய மூன்று கோடுகளே விக்கெற்று. அயல்வீட்டு விறாந்தையிற் சாய்மனைக் கதிரையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், ஆட்டம் முடித்து வந்த தம் பேரனை நோக்கி, “எங்கட நாட்டிலை சதாசிவத்தைப் போலை ஒருத்தரும் துடுப்புப் பிடிக்கேல்லை” என்றார். பேரன் விடவில்லை.

“அவர் ரெஸ்ற்றிலை எத்தனை சதம் அடிச்சவர், அப்பப்பா?”

“அந்த நாளையிலை எங்களுக்கு ரெஸ்ற் ஏது, தம்பி?”

“அப்ப, அவர்தான் பெரியவர் எண்டு எப்பிடிச் சொல்லுறியள்?”

முதியவர் சிரித்தாரேயன்றி விடை கூறினாரல்லர்.

சிறுவன் கேட்டது எளிய வினா அன்று. ஒரு பொருளை மற்றொரு பொருளினும் சிறந்தது என்று கூறுவோர் எவரும், அதனை எவ்வாறு அறிந்தனர் என்ற வினாவிற்கு விடை கூறக் கடமைப்பட்டவர் ஆவர். கல்லூரி மாணவர் நாள்தோறும் மரநிழலிலும் பேருந்துத் தரிப்பிடத்திலும் நிகழ்த்தும் வாதங்களுள் பாதி இத்தகையன. வாதிடுவோர் எதனை அளக்கின்றனர் என்று முதலில் வரையறுத்துக் கொள்ளாமையால், அவ்வாதங்கள் குரலின் வலிமையால் முடிவடைகின்றனவேயன்றி, பொருளின் வலிமையால் முடிவடைவதில்லை. ஆதலின், இக்கட்டுரையில் துடுப்பாட்ட வீரரைத் தரப்படுத்தும் முறையினை ஒரு பாடமாக எடுத்து ஆராய்வாம். விளையாட்டை விரும்பாத அன்பரும் இதனைப் படிக்கலாம். இங்கே கற்கும் முறை பிற துறைகளுக்கும் பயன்படும்.

மூன்று அளவைகள்

நம் சைவ சித்தாந்த ஆசிரியர்கள் ஒரு பொருளை அறிதற்குரிய கருவிகளை அளவை என்றனர். பிறர் பத்தென்றும் ஆறென்றும் விரித்துக் கூறினும், அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பது அவர் துணிபு. கண்ணாற் கண்டு அறிதல் காண்டல். கண்டவற்றிலிருந்து காணாததனை உய்த்துணர்தல் கருதல். நம்பத்தக்கார் கூற்றினால் அறிதல் உரை. இம்மூன்றையும் துடுப்பாட்டத்திற்குப் பொருத்திப் பார்ப்பாம்.

ஒரு வீரர் ஆடுவதை நாமே மைதானத்திற் கண்டு வியத்தல் காண்டல். அவர் பெற்ற ஓட்டங்களையும் ஆட்டமிழந்த தடவைகளையும் கொண்டு அவர் ஆற்றலை மதிப்பிடுதல் கருதல். அவரோடு ஆடினோரும் அவருக்குப் பந்து வீசினோரும் கூறியவற்றை ஏற்றல் உரை. காண்டல் தன்காலத்தோடு முடிந்துவிடும். எவரும் நூறாண்டு ஆட்டங்களை ஒருசேரக் கண்டிலர். ஆதலின் தரவரிசைக்குக் கருதலே முதன்மைக் கருவியாகின்றது. கருதலுக்கு வேண்டும் எண் கிடையாதபோது உரையை நாடுகின்றோம். எண் எங்கே வழிகாட்டும், எங்கே வழிதவறச் செய்யும் என்பதை முதலிற் காண்போம்.

சராசரியின் இயல்பு

கணித வகுப்பில் “இடை” என்று நாம் படிக்கும் அளவே துடுப்பாட்டத்திற் சராசரி எனப்படுவது. ஆயினும் இரண்டிற்கும் ஒரு வேற்றுமை உண்டு. மொத்த ஓட்டங்களை ஆடிய இனிங்ஸ்களின் தொகையால் அல்லாமல், ஆட்டமிழந்த தடவைகளின் தொகையால் வகுப்பர். ஒரு மாணவன் மூன்று இனிங்ஸ்களில் முறையே 10, 20, ஆட்டமிழக்காமல் 30 எனப் பெற்றானாயின் அவனது மொத்தம் 60. அவன் இருமுறையே ஆட்டமிழந்தமையாற் சராசரி 30 ஆகும். முப்பதைத் தாண்டிய ஓட்டம் ஒன்றேனும் பெறாமலே முப்பது சராசரி பெற்றுவிட்டான்! இதிற் குற்றம் ஏதுமில்லை. ஆட்டமிழக்காது நின்றவன் மேலும் எத்துணை பெற்றிருப்பான் என்பதை எவரும் அறியாராதலின், இவ்வாறு வகுத்தலே பொருத்தம் என்று கொண்டனர். ஆயினும் சராசரி என்பது இன்ன முறையாற் பெற்ற எண் என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

இனி, எண் வழிதவறச் செய்யும் இடம் ஒன்றைக் காண்க. மேற்கிந்தியத் தீவுகளின் அன்டி கன்ரோம் என்பார் 1948 ஆம் ஆண்டு போட் ஒவ் ஸ்பெயினில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே ஒரு ரெஸ்ற் ஆட்டத்தில், ஒரே ஓர் இனிங்ஸ் ஆடி, 112 ஓட்டங்கள் பெற்றார். பின்னர் அவருக்கு ரெஸ்ற் வாய்ப்பு வாய்க்கவேயில்லை. அவரது சராசரி 112. அவுஸ்திரேலியாவின் டொனால்ட் பிராட்மனுடையதோ 99.94. இவ்வெண்களை மாத்திரம் நோக்குவோன், கன்ரோமே உலகில் தலையாயவர் என்று கூறல் வேண்டும். அங்ஙனம் கூறுவார் எவருமிலர். அவுஸ்திரேலியாவின் அடம் வோஜஸ் 20 ரெஸ்ற் ஆட்டங்களில் 1485 ஓட்டங்கள் பெற்றுச் சராசரியில் 61.87 ஐ எட்டினார். மேற்கிந்தியத் தீவுகளின் ஜோர்ஜ் ஹெட்லி 22 ஆட்டங்களிற் பெற்ற சராசரி 60.83. வோஜஸ் திறமைசாலியே. எனினும் அவரை ஹெட்லிக்கு மேலே வைக்க எவரும் ஒருப்படார்.

இதிலிருந்து நாம் பெறும் முதல் விதி: சிறுதொகையாகிய ஆட்டங்களிலிருந்து பெரிய முடிபினைக் கொள்ளலாகாது. ஒரு பிடி நெல்லைக் கொண்டு வயலின் விளைவை அறியலாம். ஒரு மணியைக் கொண்டு அறியலாகாது. இவ்விதியைப் பின்னர் மீண்டும் எடுத்தாள்வோமாதலின் இதனை நினைவிற் கொள்க.

மறுதலையாக, மொத்த ஓட்டமே தலைமையைக் காட்டும் என்பார் உளர். இந்தியாவின் சச்சின் ரென்டுல்கர் 200 ரெஸ்ற் ஆட்டங்களில் 15921 ஓட்டங்களும் 51 சதங்களும் பெற்றார். பிராட்மன் பெற்றவை 6996 ஓட்டங்கள். அதிற் பாதியினும் குறைவு. ஆயினும் பிராட்மன் ஆடியது 52 ஆட்டங்களே. அவர் 80 இனிங்ஸ்களில் 29 சதங்கள் பெற்றார். மூன்று இனிங்ஸ்களுக்கு ஒன்றினும் மிகுதி. ரென்டுல்கருக்கு 329 இனிங்ஸ்களில் 51. ஏறத்தாழ ஆறரை இனிங்ஸ்களுக்கு ஒன்று. மொத்தம் நெடுங்கால உழைப்பையும் உடல்வன்மையையும் மனவுறுதியையும் காட்டும். சராசரி, வாய்த்த வாய்ப்பை எத்துணை பயன்படுத்தினார் என்பதைக் காட்டும். இரண்டும் வெவ்வேறு குணங்கள். ஒன்றைக் கேட்டவருக்கு மற்றொன்றை விடையாகக் கூறுதல் வழு.

காலமும் களமும்

இரண்டாம் விதி காலத்தைப் பற்றியது. மூடாத ஆடுகளத்தில், தலைக்கவசம் இன்றி, மழையில் நனைந்து காய்ந்த மண்ணிற் பந்தை எதிர்கொண்டவரையும், இக்காலத்துப் பேணப்பட்ட ஆடுகளத்தில் ஆடுபவரையும் வெறும் எண்ணால் ஒப்பிடலாகாது. இக்காலத்தவர்க்கும் தமக்கெனத் துன்பங்கள் உண்டு. ஆண்டு முழுதும் பயணம், எதிரணி நம் ஆட்டத்தைப் படமெடுத்து ஆராய்ந்து குறை காணும் நுட்பம், மூவகை ஆட்டங்களுக்கும் தம்மை மாற்றிக்கொள்ளும் தேவை ஆகியன அவற்றுட் சில.

இவ்விடர்ப்பாட்டை நீக்க அறிஞர் கண்ட வழி, ஒரு வீரரை வேறு காலத்தாரோடு நேரே ஒப்பிடாது, அவரவர் துறையின் பொதுநிலையிலிருந்து அவர் எவ்வளவு உயர்ந்து நின்றார் என்று அளத்தலாம். கணித மாணவர் அறிந்த “நியம விலகல்” இதற்குக் கருவி. அவுஸ்திரேலியப் புள்ளிவிவர ஆய்வாளர் சார்ள்ஸ் டேவிஸ் இம்முறையாற் பல விளையாட்டுக்களின் தலைவர்களைக் கணித்தார். பிராட்மன் தம் துறையின் இடையிலிருந்து 4.4 நியம விலகல் உயர்ந்து நின்றார். காற்பந்தின் பெலே 3.7, அமெரிக்க பேஸ்போல் வீரர் தை கொப் 3.6, கொல்ஃப் வீரர் ஜக் நிக்லஸ் 3.5; கூடைப்பந்தின் மைக்கல் ஜோர்டன் 3.4. எந்த விளையாட்டை எடுப்பினும் பிராட்மனைப் போல் உடனாடினாரை விட்டு அத்துணை தொலைவு சென்றவர் இலர் என்பதே இதன் கருத்து.

அத்தகைய பிராட்மனும் 1938 இற்கும் 1946 இற்கும் இடையே உலகப் போரினால் ஒரு ரெஸ்ற்றும் ஆடவில்லை. முப்பது வயதிலிருந்து முப்பத்தெட்டு வரை, துடுப்பாட்ட வீரர் முதிர்ச்சி பெறும் காலம் வெறிதே கழிந்தது. பேஸ்போலின் ரெட் வில்லியம்ஸ் 1943 முதல் 1945 வரை மூன்று பருவங்களைப் போர்ச்சேவையில் இழந்தார்; பின்னர் கொரியப் போரினால் மேலும் இரண்டு பருவங்களின் பெரும்பகுதியை இழந்தார். ஏட்டில் உள்ள எண்ணோடு, ஏட்டில் ஏறாமற் போன ஆண்டுகளையும் நினைத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

நம் நாட்டு வரிசை

இனி நம் நாட்டை நோக்குவாம். இலங்கை தன் முதல் ரெஸ்ற் ஆட்டத்தை 1982 ஆம் ஆண்டு பெப்ரவரி 17 ஆம் நாள் இங்கிலாந்துக்கு எதிராகத் தொடங்கியது. களம் கொழும்பு ஓவல் என்று முன்னர் வழங்கிய, தமிழ் யூனியன் கழகத்தின் சரவணமுத்து மைதானம். அவ்வாண்டிலேயே பைசலாபாத்தில் 157 ஓட்டங்கள் பெற்றுச் சிதத் வெத்தமுனி நாட்டின் முதல் ரெஸ்ற் சதத்தை நாட்டினார். துலிப் மென்டிஸ் சென்னையில் ஒரே ஆட்டத்தின் இரு இனிங்ஸ்களிலும் 105 ஓட்டங்கள் பெற்றார். வரிசை அவர்களிலிருந்து தொடங்குகின்றது.

குமார் சங்கக்கார 134 ரெஸ்ற் ஆட்டங்களில் 12400 ஓட்டங்கள், 38 சதங்கள், சராசரி 57.40. இரட்டைச் சதங்கள் 11. இத்துறையில் அவருக்கு முன்னே நிற்பவர் 12 பெற்ற பிராட்மன் ஒருவரே. இவ்வெண்ணுள் மறைந்துள்ள இன்னொன்றையும் காண்க. 48 ஆட்டங்களில் அவர் விக்கெற்றுக் காப்பாளராகவும் கடமையாற்றினார். அவற்றில் அவர் சராசரி 40.48. அச்சுமை நீங்கிய 86 ஆட்டங்களிற் சராசரி 66.78. நாள் முழுதும் குந்தி எழுந்து பந்தைப் பிடித்தவன் உடனே துடுப்பேந்தி முன்வரிசையிற் செல்வது எத்துணைச் சுமை என்பதை இவ்விரு எண்களும் ஒருங்கே நின்று கூறுகின்றன.

மகேல ஜயவர்தன 149 ஆட்டங்களில் 11814 ஓட்டங்கள், 34 சதங்கள், சராசரி 49.84. 2006 ஆம் ஆண்டு கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக அவர் பெற்ற 374, நம் நாட்டவர் எவரும் தாண்டாத உயரம். அன்று சங்கக்காரவோடு அவர் சேர்த்த 624 ஓட்டங்கள் எந்த விக்கெற்றுக்கும் ரெஸ்ற்றிற் பெற்ற மிகப் பெரிய இணைப்பு. ஆயினும் ஆராய்ச்சியாளன் இங்கே ஒரு வினாவை எழுப்புவான். அதே எஸ்.எஸ்.சி. மைதானத்தில் மாத்திரம் அவர் 2921 ஓட்டங்களை 74.89 சராசரியிற் பெற்றார். அவற்றைக் கழித்துவிடின் எஞ்சிய 8893 ஓட்டங்களின் சராசரி 45 இற்குச் சற்றே குறைகின்றது. இஃது அவர் புகழைக் குறைப்பதற்காகக் கூறியதன்று. தன் வீட்டு முற்றத்தில் வல்லவனாயிருத்தலும் ஒரு திறமையே. எனினும் முற்றத்தையும் முற்றத்துக்கு அப்பாலையும் வேறு பிரித்து நோக்குதல் நேர்மையான கணக்கின் கடமை.

அரவிந்த டி சில்வா 93 ஆட்டங்களில் 6361 ஓட்டங்கள், 20 சதங்கள், சராசரி ஏறக்குறைய 43. முன்னிருவருக்கும் பின்னே நிற்கும் எண்தான். ஆயினும் அவர் 1984 இல் ஆடத் தொடங்கி 2002 வரை, பதினெட்டு ஆண்டுகளில் ஆடியது 93 ஆட்டங்கள்; சங்கக்காரவோ பதினைந்து ஆண்டுகளில் 134. நாட்டின் போர்ச்சூழலினால் 1987 ஏப்பிரலுக்கும் 1992 ஓகத்துக்கும் இடையே இலங்கையில் ஒரு ரெஸ்ற் ஆட்டமேனும் நடைபெறவில்லை. அரவிந்தவின் இருபத்தொன்று முதல் இருபத்தாறு வரையான வயது அவ்விடைவெளியிற் கழிந்தது. பின் 1997 ஆம் ஆண்டில் அவர் பெற்ற 1220 ஓட்டங்களும் 7 சதங்களும், வாய்ப்புக் கிட்டியிருப்பின் யாது நிகழ்ந்திருக்கும் என்பதைக் கருதற்குரியன.

ஒருநாள் ஆட்டத்தை நோக்கின் 1996 ஆம் ஆண்டு மார்ச் 17 ஆம் நாள் லாகூரில் நிகழ்ந்த உலகக் கிண்ண இறுதியாட்டம் கண்முன் நிற்கும். அவுஸ்திரேலியா பெற்ற 241 ஓட்டங்களைத் துரத்திய இலங்கைக்காக அரவிந்த ஆட்டமிழக்காது 107 ஓட்டங்கள் பெற்றார். அதன்முன் 3 விக்கெற்றுக்களையும் வீழ்த்தியிருந்தார். அப்போட்டித் தொடரின் நாயகனாகத் தெரியப்பட்ட சனத் ஜயசூரிய, ஒருநாள் ஆட்டத்தின் தொடக்கமே எவ்வாறு ஆடப்படல் வேண்டும் என்ற எண்ணத்தை உலகில் மாற்றினார். 445 ஒருநாள் ஆட்டங்களில் 13430 ஓட்டங்கள், சராசரி 32.36 மாத்திரமே. சராசரியை மட்டும் நோக்குவோன் அவரைப் பின்னே தள்ளிவிடுவான். அவரோ நூறு பந்துக்கு 91 ஓட்டங்கள் என்ற வேகத்திற் பெற்றார். எந்த ஆட்டத்திற்கு எந்த அளவுகோல் என்பதை அறியாதான் கையில் எண் இருந்தும் பயனில்லை.

ஒரு பொழுதின் உச்சம் என்பதும் வேறொன்று. 2019 ஆம் ஆண்டு டர்பனில் 304 ஓட்டங்களை நாடி ஆடிய இலங்கை ஒன்பது விக்கெற்றுக்களை இழந்து நின்றபோது, குசல் பெரேரா கடைசி ஆட்டக்காரராகிய விஷ்வ பெர்னான்டோவுடன் 78 ஓட்டங்களைச் சேர்த்து, தாம் 153 உடன் ஆட்டமிழக்காது நின்று வெற்றியைக் கொணர்ந்தார். வாழ்நாள் வரிசையிற் குசல் பெரேரா முன்வரிசையில் இல்லை. அந்த ஒரு நாளின் வரிசையில் அவரை மிஞ்சுவார் மிகச் சிலரே. “சிறந்த ஆட்டம் யாது?” என்பதும் “சிறந்த ஆட்டக்காரர் யார்?” என்பதும் இருவேறு வினாக்கள் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா.

எனவே வாழ்நாள் ரெஸ்ற் துடுப்பாட்டம் என்ற ஒன்றையே வரையறையாகக் கொண்டு என் முடிபினைக் கூறுவேனாயின், முதலிடம் சங்கக்காரவுக்கு. இதில் எண்ணும் சுமையும் ஒரே திசையைச் சுட்டுகின்றன. இரண்டாமிடத்தில் மகேலவும் மூன்றாமிடத்தில் அரவிந்தவும் நிற்பர். இவ்விருவர் இடையே வேற்றுமை சிறிது. இழந்த ஆண்டுகளைக் கணக்கிற் சேர்ப்பார் இவ்வரிசையை மாற்றினும் யான் வழக்குத் தொடேன். ஒருநாள் ஆட்டம் என வரையறுப்பின் ஜயசூரியவும் அரவிந்தவும் மேலே வருவர்.

எண் இல்லாதார் வழக்கு

இப்போது விறாந்தையில் அமர்ந்த முதியவரிடம் மீளுவோம்.

மகாதேவ சதாசிவம் 1915 ஆம் ஆண்டு பிறந்தவர். கொழும்பு வெஸ்லிக் கல்லூரி மாணவர். தமிழ் யூனியன் கழகத்தின் துடுப்பாட்ட வீரர். 1948 ஆம் ஆண்டு மார்ச் மாதம், இங்கிலாந்து செல்லும் வழியிற் கொழும்பில் இறங்கிய பிராட்மனின் அணியைக் கொழும்பு ஓவலில் எதிர்த்து ஆடிய இலங்கை அணிக்கு அவரே தலைவர். அன்று ஆடுகளத்தின் நீளம் 22 யார் இருக்கவேண்டிய இடத்தில் 20 யாரே இருந்தது என்று பின்னர் அறிந்த கதை இன்றும் பேசப்படுகின்றது. அதற்கு முந்திய ஆண்டு, 1947 இல், சென்னைச் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக அவர் 215 ஓட்டங்கள் பெற்றார். இலங்கைக்கு மாத்திரமன்றி, பின்னாளில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் தலைமை தாங்கினார் என்பது அவர் வாழ்வின் அரிய செய்தி.

ஏட்டில் அவருக்கு எஞ்சியவை யாவை? முதற்றர ஆட்டங்கள் 11, இனிங்ஸ் 18, ஓட்டங்கள் 753, சதங்கள் 3, சராசரி 41.83. ரெஸ்ற் ஆட்டம் ஒன்றுமில்லை. இந்தியா 1932 இலும் பாகிஸ்தான் 1952 இலும் ரெஸ்ற் அரங்கிற் புகுந்தன. இலங்கை புகுந்தது 1982 இல். சதாசிவம் 1977 இல் இறந்தார். அவர் அறிந்த ஓவல் களத்தில் நாட்டின் முதல் ரெஸ்ற் நிகழ்ந்தபோது அவர் மறைந்து ஐந்து ஆண்டுகள் நிறையவில்லை.

பேரனின் வினாவுக்குக் கருதல் அளவையால் விடை கூற முயல்வோம். 41.83 என்ற எண்ணைக் கொண்டு, “சங்கக்காரவினும் தாழ்ந்தவர்” என்று கூறலாமா? கூறலாகாது. கன்ரோமின் 112 ஐக் கொண்டு அவரைப் பிராட்மனுக்கு மேலே ஏற்ற மறுத்தோம்; சிறுதொகை பெரிய முடிபைத் தாங்காது என்று விதித்தோம். அதே விதி இங்கும் செல்லும். பதினெட்டு இனிங்ஸ் ஒருவரை உயர்த்தப் போதாதெனின் தாழ்த்தவும் போதாது. விதியை நமக்கு வேண்டியவிடத்துப் பிடித்து, வேண்டாதவிடத்து விடுதல் நேர்மையன்று.

கருதல் தளர்ந்த இவ்விடத்தில் உரை முன்வருகின்றது. மேற்கிந்தியத் தீவுகளின் பிராங் வொறெல், கார்பீல்ட் சோபர்ஸ் ஆகியோர் சதாசிவத்தைத் தம் காலத்துப் பெருவீரருள் வைத்துப் புகழ்ந்தனர் என்பது கிறிக்கெற் உலகில் நெடுங்காலமாக வழங்கிவரும் செய்தி. நம் பெரியோர் உரையளவைக்கு விதித்த இலக்கணம், கூறுவோன் பொருளை உள்ளவாறு அறிந்தவனாகவும், பொய்கூற வேண்டாதவனாகவும் இருத்தல். பிறநாட்டவரும் துடுப்பாட்டத்தின் நுட்பம் முழுதும் உணர்ந்தவருமாகிய அவர்க்கு, இலங்கைத் தமிழர் ஒருவரை உயர்த்திப் பேசுவதால் ஊதியம் ஏதுமில்லை. ஆதலின் அவ்வுரை எளிதிற் தள்ளத்தக்கதன்று.

ஆயினும் உரைக்கும் எல்லை உண்டு. புகழ்மொழி வாய்வழியே செல்லுந்தோறும் வளரும். இளமையிற் கண்டது முதுமையிற் பெரிதாகத் தோன்றும். மறைந்தவர்க்குக் குறை கூறுதல் நம் வழக்கமன்று. மேலும், நம்மவர் என்ற அன்பு நம் தராசின் ஒரு தட்டை நாமறியாமலே தாழ்த்திவிடும். தமிழராகிய நாம் சதாசிவத்தைப் பற்றிப் பேசும்போது இதனை இருமடங்கு எச்சரிக்கையோடு நினைத்தல் வேண்டும்.

அமெரிக்கா கற்ற பாடம்

இத்தகைய வழக்கு நமக்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்காவில் நெடுங்காலம் கறுப்பினத்தவர் பேஸ்போலின் பெருங்குழுக்களில் ஆட இடம்பெற்றிலர். அவர்கள் தமக்கெனத் தனிக்குழுக்கள் அமைத்து ஆடினர். அவர்களுள் ஜொஷ் கிப்சன் என்பாரது அடியின் வலிமை பற்றிக் கதைகள் பல. அவர் 1947 ஆம் ஆண்டு ஜனவரியில், முப்பத்தைந்தாம் வயதில் இறந்தார். அவ்வாண்டு ஏப்பிரல் 15 ஆம் நாள் ஜக்கி றொபின்சன் பெருங்குழுவிற் களமிறங்கி அத்தடையை உடைத்தார். மூன்று மாத இடைவெளியிற் கிப்சனுக்கு அவ்வாயில் அடைபட்டே போயிற்று.

அங்கே வாழ்நாள் அடிச்சராசரியிற் பல்லாண்டு முதலிடம் வகித்தவர் தை கொப். ஆயிரம் தடவை துடுப்பேந்தினால் 367 தடவை நல்லடி என்பது அவர் கணக்கு. வரலாற்றாய்வாளர் பலர் பழைய செய்தித்தாள்களையும் ஓட்டப் பதிவேடுகளையும் ஆண்டுக்கணக்கிற் தேடி, கறுப்பினக் குழுக்களின் ஆட்டங்களை ஒவ்வொன்றாகத் தொகுத்தனர். அதன் பயனாக 2024 ஆம் ஆண்டு மே மாதம் அவை அதிகாரபூர்வப் பதிவிற் சேர்க்கப்பட்டன. கிப்சனின் எண் 372. இறந்து எழுபத்தேழு ஆண்டுகளின் பின் அவர் பட்டியலின் தலைக்கு ஏறினார்.

அவரை அவ்விடத்து ஏற்றியது இரக்கம் அன்று, புகழ்மொழியும் அன்று. உரையாக இருந்ததனைத் தேடித் தொகுத்துக் கருதலாக மாற்றிய உழைப்பே ஏற்றியது. அவ்வுழைப்புக்கு இடந்தந்தவை, யாரோ ஒரு சிற்றூரில் யாரோ ஒருவர் பென்சிலாற் குறித்து, எறியாது வைத்த தாள்கள்.

சதாசிவத்திற்குரிய இடம்

ஆதலின் பேரனுக்கு யான் கூறும் விடை இது. சதாசிவத்தை ரெஸ்ற் வரிசையில் முதலாவதென்றோ ஐந்தாவதென்றோ எண்ணிட்டு வைத்தல் அறிவுக்குப் பொருந்தாது. அதற்கு வேண்டும் கணக்கு நம்மிடம் இல்லை. அவரை வரிசையிலிருந்து நீக்குதலும் பொருந்தாது. அவரை வரிசைக்குப் புறத்தே நிறுத்தியது அவர் ஆற்றற் குறைவன்று, நாட்டின் காலநிலை. ரெஸ்ற் உரிமைக்கு முற்பட்ட இலங்கைத் துடுப்பாட்டத்தில் தலையாயவர் அவர் என்பதற்கு உரையளவை போதிய சான்று தருகின்றது. அதற்கப்பால் கூறுதல் அன்பின் கூற்றேயன்றி ஆராய்ச்சியின் கூற்றன்று. “இவ்வளவு அறிவோம், இதற்குமேல் அறியோம்” என்று கோடிட்டுக் காட்டுதல் தோல்வியாகாது. அக்கோடு எங்கே விழவேண்டும் என்று காட்டுவதே ஆராய்ச்சி.

கொழும்பு ஓவல் இதனை நமக்கு ஒருங்கே காட்டுகின்றது. அங்கே 1948 இற் சதாசிவம் பிராட்மனின் அணியை எதிர்கொண்டார். அங்கே 1982 இல் நாடு ரெஸ்ற் அரங்கிற் புகுந்தது. அங்கே 2015 ஆம் ஆண்டு ஓகத்தில் சங்கக்கார தம் கடைசி ரெஸ்ற்றை ஆடி விடைபெற்றார். வெள்ளவத்தையிலிருந்து சிறிது தூரப் பயணத்தில் அடையத்தக்க ஒரே புற்றரையில், எண்ணுடையாரும் எண்ணில்லாதாரும் நின்று ஆடினர்.

பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும்

ஈண்டு ஒரு வேண்டுகோள். நம் கல்லூரி அணிகள் ஆடிய ஆட்டங்களின் ஓட்டப் பதிவேடுகள் எங்கே? இவ்வூரில் 1983 ஆம் ஆண்டு யூலையில் எத்தனையோ வீடுகள் எரிந்தன. அவற்றுள் எரிந்த பெட்டகங்களிற் சான்றிதழ்களும் புகைப்படங்களும் பதிவேடுகளும் இருந்தன. எஞ்சியவற்றுட் பல, கடல்கடந்து சென்ற அன்பரின் வீட்டுப் பரண்களில் உறங்குகின்றன. இன்று அவற்றைத் தேடித் தொகுப்பின் பெயர், ஆண்டு, ஓட்டம் என மூன்று நிரல்களேனும் எஞ்சும். தேடாவிடின், “அவர் பெரிய ஆட்டக்காரர்” என்ற ஒரு வாக்கியம் எஞ்சும். அதனைக் கூறுவாரும் மறைந்தபின் அதுவும் எஞ்சாது.

பழைய மாணவர் ஒவ்வொருவரும் தம்மிடமுள்ள பதிவேடு, நிழற்படம், செய்தித்தாள் நறுக்கு ஆகியவற்றின் படியொன்றைக் கல்லூரி நூலகத்திற்கு அளிப்பாராக. இன்றைய மாணவருள் துடுப்பேந்த விரும்பாதார் உளரேல், ஓட்டம் குறிக்கும் பென்சிலை ஏந்துவாராக. பதினோராவது ஆட்டக்காரன் பெற்ற இரண்டு ஓட்டத்தையும் பிழையின்றி எழுதுவாராக. அணிக்கு அதுவும் ஒரு தொண்டே. ஐம்பது ஆண்டின் பின் யாரோ ஒரு பேரன் யாரோ ஒரு விறாந்தையில் அதே வினாவைக் கேட்பான். அன்று அவன் அப்பப்பா சிரித்து வாளாவிராமல், எழுந்துபோய் ஏட்டை எடுத்து வந்து அவன் கையிற் கொடுத்தல் வேண்டும்.